பொடித்த மாத்திரை

ராசப்பன் குடியை நிறுத்தியது ஊருக்கெல்லாம் தெரியும். நிறுத்திய பிறகு தினமும் காலையில் மருமகள் முன்னால் நின்று வாயைத் திறந்து காட்டினார் என்பது மட்டும் வெளியே தெரியக்கூடாது என்று நினைத்தார். கொச்சி மட்டாஞ்சேரியில், கூவப்பாடத்துப் பக்கம், ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்முகிற வரிசை வீடுகள் அவை. அங்கே இருந்துகொண்டு அப்படி நினைத்தது அவருடைய பேதைமை.

கார்ப்பரேஷனில் அவர் ரோடு ரோலர் டிரைவர். ஆள் நடக்கிற வேகத்தில் போகிற வண்டி என்பதால், வருஷக்கணக்காகக் குடித்துவிட்டு ஓட்டியும் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எண்பத்திரண்டில், மழை விட்டு ரோடு வேலை தொடங்கிய சமயம், சுள்ளிக்கலில் வண்டியைப் பின்னால் எடுத்தவர் ஒரு பள்ளிக்கூடத்து மதிலை அப்படியே சாய்த்துவிட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற இடம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இஞ்சினியர் வந்து கல்லும் மண்ணுமாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "ஞாயிறாப் போச்சு" என்றார். சிகிச்சை எடுத்துக்கொண்டு வரும்வரை ரோலரைத் தொடக்கூடாது என்று உத்தரவாயிற்று.

எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கைநடுக்கம் நின்று, சோறு இறங்கி, தூக்கம் வந்த பிறகு, வீட்டுக்கு அனுப்புகிற நாளில் டாக்டர் குடும்பத்தையே கூப்பிட்டு உட்காரவைத்தார். மனைவி அங்கம்மாள், மகன் செல்லதுரை இருவரும் உள்ளே வந்தார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள் சந்தனமாரி, மாமனார் இருக்கிற அறை என்பதால் கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

டாக்டர் மலையாளத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தினம் ஒரு மாத்திரை. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். ஆளே போனாலும் போய்விடும். அதனால் அவருக்குத் தெரியாமல் சோற்றிலோ சாயாவிலோ கலந்து கொடுக்கிற வேலை மட்டும் கூடாது. அவர் தெரிந்து, சம்மதித்து, ஒருவர் கண்முன்னால் விழுங்க வேண்டும்.

"வீட்டில் யார் கொடுப்பது?"

"நான் குடுக்கேன் சாரே" என்றாள் அங்கம்மாள்.

"காலையில் கை நடுங்கும்போது இத்தனை நாள் யார் வாங்கிக் கொடுத்தது?"

அங்கம்மாள் முந்தானை நுனியைப் பார்த்தாள். சாராயக் கடையின் பின்வாசலில் நின்று, குப்பியைச் சேலைக்குள் மறைத்து வாங்கிவந்தவள் அவள்தான். புருஷன் ரோட்டில் விழுந்து கிடக்கக் கூடாதே என்றுதான். டாக்டருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அவர் கோபப்படவில்லை. "இவர் கெஞ்சினால் நீங்கள் மனசு மாறுவீர்கள். மாறாத ஆள் வேண்டும்" என்றார்.

செல்லதுரைக்கு ஹார்பரில் வேலை, விடியுமுன்பே கிளம்பிவிடுவான். டாக்டரின் பார்வை கதவுப் பக்கம் போயிற்று. "அந்தக் குட்டி யாராணு?"

"எம் மருமக சாரே" என்றாள் அங்கம்மாள். ராசப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப் போன அன்று களமசேரியில் அவள் வீட்டு வாசலில் குடிபோதையில் தடுமாறி விழுந்தவரை, அவளுடைய அப்பாதான் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கியிருந்தார். அந்தப் பெண்ணிடம்தான் இப்போது தன்னை ஒப்படைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தபோது, ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிடலாம் போலிருந்தது அவருக்கு.

அப்படித்தான் அந்தக் காலைகள் தொடங்கின. அவர் பல் தேய்த்துவிட்டு அடுக்களை வாசலுக்கு வருவார். சந்தனமாரி உள்ளங்கையில் மாத்திரையும் மறுகையில் தண்ணீருமாக நிற்பாள். அவர் விழுங்குவார். "மாமா" என்று மட்டும் சொல்வாள், மெதுவாக. அவர் வாயைத் திறப்பார். கறை பிடித்த பற்கள், கடைவாயில் விழுந்துபோன இடம், எல்லாம் அவள் பார்வைக்கு. அவளும் பார்த்தும் பார்க்காததுபோலப் பார்த்துவிட்டு அடுப்புக்குத் திரும்பிவிடுவாள். அவளுக்கும் காது மடல் சிவந்திருக்கும். அவருக்கு அது தெரிந்தது. தெரிந்ததனால் இன்னும் கூசிற்று. அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவளிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். சோறு வேண்டுமென்றால்கூட, "அங்கம்மா" என்று வெளியே போயிருக்கிற மனைவியைக் கூப்பிடுவார்.

கொஞ்ச நாளில் ஒரு வழி கண்டுபிடித்தார். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு வாயைத் திறந்தால் தெரியாது. அவள் திரும்பியதும் வெளியே போய் ஓடையில் துப்பிவிடலாம். குடிக்க வேண்டுமென்று அப்போது அவருக்கு எண்ணமில்லை. அவளை ஏமாற்ற முடிகிறது என்பதே போதுமாக இருந்தது. கசப்போடு ஓடைக்கரையில் நிற்கும்போது, பறிபோன ஏதோ ஒன்று கைக்குத் திரும்பி வந்ததுபோல ஒரு தெம்பு.

ஒரு வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் சந்தனமாரியின் கையில் மாத்திரை இல்லை. டம்ளர் மட்டும் இருந்தது. தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியிருந்தது.

ராசப்பன் டம்ளரைப் பார்த்தார். "பொடிச்சிட்டியா?"

"ஆமா மாமா" என்றாள். பிறகு, தரையைப் பார்த்தபடி, "நாக்குக்கு அடியில நிக்காதில்லையா" என்றாள்.

அவர் குடித்தார். அவள் அன்று வாயைத் திறக்கச் சொல்லவில்லை. எத்தனை நாளாக அவளுக்குத் தெரிந்திருந்ததோ, அத்தனை நாளும் தன்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள் என்ற நினைப்பு அவரை விட்டுப் போகவே இல்லை. மறுநாளும் டம்ளர். அதற்கு மறுநாளும்.

ரோலர் இல்லாத அந்த மாதங்களில் அவருக்குத் தோப்பும்படியில் கார்ப்பரேஷன் யார்டில் தார் பீப்பாய் உருட்டுகிற வேலை. அங்கே காளி என்று ஒரு பழைய கூட்டாளி. தன் மகளுக்குச் சம்பந்தம் உறுதியானதற்காக, மத்தியானம் எல்லோரையும் சாராயக் கடைக்குக் கூப்பிட்டான். ராசப்பன் வரவில்லை என்று தலையாட்டினார்.

"அவரு வரமாட்டாருப்பா" என்றான் காளி. "வீட்டுக்குப் போனா மருமக வாயைத் தொறக்கச் சொல்லுமாம்."

"நாக்கையும் நீட்டணுமாமே, கொச்சுப் புள்ளைக மாதிரி" என்றான் இன்னொருத்தன்.

சிரிப்பு. ராசப்பனும் சிரித்தார். வீட்டிலிருக்கிற நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாத காரியம். அவள்தான் சொல்லியிருக்கிறாள் என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டார். பிறகு அவரும் அவர்களோடு நடந்து போனார். காலையில் குடித்த டம்ளர் நினைவில் இருந்தது. ஒரு வாரம் துப்பியதும் நினைவில் இருந்தது. இரண்டு மூன்று மாத்திரை என்ன செய்துவிடும் என்று ஒரு கிளாஸை எடுத்தார்.

கடையிலிருந்து வெளியே வந்து ரோட்டைக் கடப்பதற்குள் முகம் தீப்பிடித்ததுபோல எரிந்தது. நெஞ்சு காதுக்குள் அடித்தது. பட்டப்பகலில், பஸ் நிற்கிற இடத்தில், வாந்தி எடுத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். காளி கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துபோனான். யாரோ ஆட்டோவில் தூக்கிப்போட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வீட்டுக்கும் ஆள் அனுப்பினார்கள்.

கண் விழித்தபோது கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. அங்கம்மாள் அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் செல்லதுரை, அவனுக்குப் பின்னால் சந்தனமாரி. டியூட்டி டாக்டர் ஒரு இளம் ஆள், பரபரப்பாகக் கேட்டார். மாத்திரை சாப்பிடுகிறவர் எதற்காகக் குடித்தீர்கள், உயிர் வேண்டாமா?

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"நான் மாத்திரை தின்னலையே சாரே" என்றார் ராசப்பன். "நிறுத்தி ஒரு வாரமாச்சு. இந்தப் பொண்ணு எனக்குத் தெரியாம தண்ணியில கலக்கிக் குடுத்திருக்கு போல."

சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்று. டாக்டர் சந்தனமாரியின் பக்கம் திரும்பி, படிப்பறிவு இல்லையா, ஆள் செத்துப்போயிருந்தால் யார் ஜெயிலுக்குப் போவது என்று சத்தம் போட்டார். அவள் ராசப்பனைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். நீங்கள் சொல்லுங்கள் என்று காத்திருக்கிற பார்வை. அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அங்கம்மாள் அதை விடவில்லை. மறுநாள் காலையில் தெருப் பைப்படியில், குடங்களோடு நின்ற பெண்களுக்கு நடுவே, மருமகளைப் பார்த்துக் கேட்டாள். "எம் புருஷனுக்கு விஷம் வெச்சியே, அவரு ஒன்ன என்ன செஞ்சாரு?" தெரு முழுவதும் கேட்டது. சந்தனமாரி பாதி நிறைந்த குடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். அன்று சாயங்காலம் அவளுடைய அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போனான். செல்லதுரை வாசலில் நின்று பார்த்தானே தவிர, போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

ராசப்பன் வீட்டுக்கு வந்துவிட்டார். யாரும் மாத்திரை கொடுக்கவில்லை, யாரும் வாயைப் பார்க்கவில்லை. குடிக்கவும் பயமாக இருந்தது. அங்கம்மாள் வழக்கத்தைவிட அதிகமாகப் பரிந்து பரிந்து சோறு போட்டாள். அவர் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுவார். செல்லதுரை ஹார்பர் கேண்டீனிலேயே சாப்பிட்டுவிட்டு வந்து, பாயை விரித்து முதுகைக் காட்டிப் படுத்துவிடுவான். ஒரு நாள் அவனே கேட்டான்.

"அப்பா, ஒரு காரியம் கேக்கட்டா. டம்ளர்ல மாத்திரை இருந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதுடா" என்றார். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கடினமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்லதுரை களமசேரிக்குப் போனான். திரும்பித் தனியாகத்தான் வந்தான். வாசல்படியிலேயே உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"மொத நாளே நீங்க 'பொடிச்சிட்டியா'ன்னு கேட்டீங்களாம். அவ 'ஆமா'ன்னாளாம். நாக்குக்கு அடியிலன்னு என்னமோ சொன்னாளாம். அதுக்கு மேல அவ ஒண்ணும் சொல்லல. உங்களைக் குத்தமா ஒண்ணும் பேசல." தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "நான் யாரை நம்புறது, நீங்களே சொல்லுங்க."

அங்கம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

'பொடிச்சிட்டியா' என்ற அந்த ஒரு வார்த்தை அவருடைய வாயிலிருந்து வந்த மாதிரியே மகன் வாயிலிருந்து வந்தது. ராசப்பனுக்கு வேறு வழி தெரியவில்லை. "அவ சொன்னதுதான் சரி" என்றார்.

செல்லதுரை எழுந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தார். கையை ஓங்கினால்கூடத் தேவலாம் என்றிருந்தது. அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

"என்னைக் கொண்டு பைப்படியில வெச்சு அந்தப் பேச்சைப் பேச வெச்சிட்டீங்களே" என்றாள் அங்கம்மாள். அவள் அழவில்லை. "ஊர் முழுக்கக் கேட்டுச்சே. இனி அந்தப் பைப்பில நான் எப்படிப் போய்த் தண்ணி பிடிப்பேன்?"

"அவ மட்டும் என்ன, நான் வாயைத் தொறந்து காட்டுறத ஊரெல்லாம் சொல்லிட்டா" என்று முணுமுணுத்தார் அவர். கடைசியாகக் கைக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

"அவ சொல்லல. நான்தான் சொன்னேன். பக்கத்து வீட்டு மாயம்மா கேட்டா, சொன்னேன். எம் புருஷன் குடி விட்டுட்டாருன்னு சந்தோஷத்துல சொன்னேன்."

முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்து ராசப்பனும் அங்கம்மாளும் மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து போட் ஏறி எர்ணாகுளம் போய், அங்கிருந்து பஸ்ஸில் களமசேரி போனார்கள். சந்தனமாரியின் அப்பா வீரபாண்டி கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வா என்று சொன்னார், உட்காரச் சொன்னார், சாயா போடச் சொன்னார். ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றுதான் ராசப்பனுக்குத் தெரியவில்லை. சாயாவில் ஆடை படிந்த பிறகு சொன்னார்.

"மச்சான், அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் சொன்னது பொய். மாத்திரை கலந்திருக்குன்னு தெரிஞ்சுதான் குடிச்சேன். அதுக்கு மேல சாராயமும் தெரிஞ்சுதான் குடிச்சேன். உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டு நின்றது. சந்தனமாரி அங்கேதான் இருக்கிறாள் என்று தெரிந்தது.

"இங்க வந்து சொல்லிட்டீங்க. நல்லது" என்றார் வீரபாண்டி. "எங்களுக்கு இது முன்னயே தெரியும். எம் பொண்ணைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா? தெரியாதவங்க உங்க தெருவுலதானே இருக்காங்க. விஷம் வெச்சவன்னு அங்கதானே பேரு."

சந்தனமாரி வெளியே வரவேயில்லை. திரும்புகிற பஸ்ஸில் அங்கம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலையில், தண்ணீர் வருகிற நேரம் பார்த்து ராசப்பன் பைப்படிக்குப் போனார். வேட்டியும் சட்டையுமாக, கையில் குடமில்லாமல் ஒரு ஆண்பிள்ளை வந்து நின்றதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வரிசையில் அங்கம்மாளும் இருந்தாள். வரமாட்டேன் என்று சொன்னவள், கடைசி நிமிஷத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டாள்.

"எம் மருமக எனக்கு ஒண்ணும் வெச்சுக் குடுக்கல" என்றார். குரல் அவருக்கே பழக்கமில்லாததாக இருந்தது. "டாக்டர் சொன்ன மாத்திரையத்தான் எனக்குச் சொல்லிட்டுக் குடுத்தா. நான் அதுக்கு மேல போய்க் குடிச்சேன். அப்புறம் அவ மேல பழியப் போட்டேன். ஆஸ்பத்திரியில எல்லாரு முன்னாலயும் பொய் சொன்னேன்."

இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாயம்மாள் பைப்பை நோக்கிக் கைகாட்டி, "கொஞ்சம் மாறி நில்லுங்க அண்ணாச்சி, எங் குடம் நெறைஞ்சு வழியுது" என்றாள்.

அவர் நகர்ந்து நின்றார். அடுத்த குடம் பைப்புக்குக் கீழே வந்தது. பிறகு அங்கம்மாளின் முறை. அவள் தலையை நிமிர்த்தாமலே, "நானும் தெரியாமப் பேசிட்டேன்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு தண்ணீர் பிடித்தாள். அந்த ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று நினைத்துக்கொண்டு ராசப்பன் அங்கேயே நின்றார். முந்திக்கொண்டு வீட்டுக்குப் போவது சரியில்லை என்று பட்டது.

செல்லதுரை போய்ச் சந்தனமாரியை அழைத்துவந்தான். எண்ணி வைத்துக்கொண்டு வந்ததுபோல, வந்த அன்றே அவள் மாமனாரிடம் சொல்லிவிட்டாள். "மாமா, இனி அந்த வேலை எனக்கு வேண்டாம். சமைக்கச் சொல்லுங்க, துவைக்கச் சொல்லுங்க. உங்க வாயைப் பாக்கச் சொல்லாதீங்க." அவள் குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுமை குறைந்திருக்கும்.

எர்ணாகுளத்து டாக்டரிடம் மறுபடி எல்லோரும் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். அங்கம்மாள் தானே கேட்டாள், "நான் குடுத்தா ஆகாதா சாரே, இனி நான் மாற மாட்டேன்." அவள் கொடுக்கத் தொடங்கினாள். மருமகளிடம் இருந்த தயக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, விரலைவிட்டுக் கன்னத்தை ஒதுக்கிப் பார்ப்பாள். ஒரு தடவை அவர் கெஞ்சினார், இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று. அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு ஓணத்தின்போது அவர் மாத்திரையை விட்டுவிட்டுக் குடித்தார். இந்தத் தடவை அவரே வீட்டுக்கு வந்து, கேட்பதற்கு முன்பே சொன்னார். மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி தொடக்கம். எண்பத்துநாலு மழைக்காலம் முடிந்து ரோலர் அவர் கைக்குத் திரும்பி வந்தது. பின்னால் எடுக்கும்போதெல்லாம் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எடுப்பார். கூட வேலை செய்கிறவர்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

சந்தனமாரி அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்துக் கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேளாமல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரும் அதை உரிமையோடு எதிர்பார்க்கவில்லை.

களமசேரியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனார்கள். அங்கம்மாள் குழந்தையை வாங்கி உச்சி முகர்ந்தாள். செல்லதுரை பயந்து பயந்து வாங்கினான். மாயம்மாள்கூட வந்திருந்தாள், அவள் மடியிலும் கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு குழந்தை தாயிடம் போயிற்று. மிச்சமிருந்தது ராசப்பன் ஒருவர்தான். சந்தனமாரி குழந்தையோடு நிமிர்ந்தாள். கொடுக்க நீண்ட கை பாதியில் ஒரு நொடி நின்றதை அவர் பார்த்தார். அவள் வேண்டுமென்று நிறுத்தவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"இருக்கட்டும் மோளே" என்றார் அவசரமாக. "கையெல்லாம் கிரீஸ். யார்டிலேர்ந்து நேரா வாறேன்."

அன்றைக்கு விடுமுறை. அது எல்லோருக்கும் தெரியும். சலவை வேட்டியில் வந்திருந்தார். சந்தனமாரி அவருடைய கைகளைப் பார்த்தாள். அவை சுத்தமாக இருந்தன. அவள் அங்கம்மாளைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்க்கவில்லை.

"அப்போ கழுவிட்டு வாங்க மாமா" என்றாள். "சோப்பு கெணத்தடியில இருக்கு."

ராசப்பன் எழுந்து போனார். கிணற்றில் வாளியை இறக்கித் தண்ணீர் இறைத்து, சோப்பைத் தேய்த்து, விரல் இடுக்கெல்லாம் விட்டு, வெகுநேரம் கழுவினார்.